நந்தனாவின் முதல் கேஸ்

"அப்படிக் கேட்டா எந்தக் குடிகாரனும் வாய் தெறக்க மாட்டான்," என்றாள் லேகா. "பேப்பர மூடு. எனக்க முகத்தப் பாத்துக் கேளு."

எதிரே இருந்த நந்தனா தாளைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்த கேள்வி மறந்துபோக, மறுபடி நிமிர்த்திப் பார்த்தாள்.

லேகாவுக்கு எரிச்சல் மூண்டது. பன்னிரண்டு வருடமாக மனநல ஆலோசகர். போதை மீட்பு இல்லங்களுக்குப் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தே தொண்டை தேய்ந்துவிட்டது. சான்றிதழுக்காக வருகிறார்கள், பழைய ஃபைலைப் பார்த்து எழுதிவிட்டு மூன்றாம் மாதம் போய்விடுகிறார்கள். போன வருடம் ஒருத்தன், நோயின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் 'நல்ல மனுஷன்' என்று எழுதியிருந்தான்.

பிள்ளைகள் கேள்வி கேட்டுப் பழகுவதற்கு அவளே நோயாளியாக உட்கார்ந்து பதில் சொல்வது வழக்கம். பெரும்பாலும் பொழியூர் மீனவன் ஒருவனாக மாறிவிடுவாள். வீட்டைக் கடல் கொண்டுபோன நாளிலிருந்து குடிக்கிறவன். இன்றைக்கு அந்த மீனவன் ஏனோ வாயில் வரவில்லை.

"நீங்க ஏன் குடிக்கிய?" என்று நந்தனா மெல்லக் கேட்டாள்.

"ஏன்னு கேக்கப்பிடாதுன்னு கிளாஸ்ல எத்தன தடவ சொல்லியிருக்கேன்? ஏன்னு கேட்டா பொய்தான் வரும். எப்ப, எங்க, எவ்வளவு. அதக் கேளு."

"எனக்குக் கேக்க ஒரு மாதிரி இருக்கு மேடம்."

"முதல் தடவ எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்."

மீட்பு இல்லத்துச் சமையலறை விஜயம்மா வைத்துவிட்டுப் போன சாயா ஆறிக்கொண்டிருந்தது. லேகா கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். அப்படியும் மேசையில் கொஞ்சம் சிந்தியது. நந்தனா கைக்குட்டையால் துடைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாத்தியா? இதக் குறிச்சிருக்கணும். நோயாளிக்க கையப் பாக்காம நீ என்ன கேஸ் எடுக்க?"

நந்தனா அவசரமாக எழுதினாள். "எப்ப தொடங்கிச்சு?"

"நாலு வருஷம் ஆச்சு. ஒறக்கம் வரல்லன்னு ஒரு பெக். பிறவு அது இல்லாம ஒறக்கமே இல்லன்னு ஆச்சு."

"தினமும் உண்டா?"

"உண்டு. காலம்பறயும் உண்டு."

"இது உடம்புக்குக் கெடுதின்னு தெரியாதா மேடம்?"

லேகா மேசையில் ஓங்கி அடித்தாள். "நீ புத்தி சொல்ல வந்தியா, கேஸ் எடுக்க வந்தியா? இந்த ஒரு வார்த்த போரும், ஆளு எழும்பிப் போயிருவான். வேற யாரையாவது வரச் சொல்லு. உன்னக் கொண்டு ஆவாது."

சொன்னதோடு நிற்காமல் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து கதவுவரை போனாள். வெளியே ரப்பர் மரங்களுக்கு அப்பால், உதியன்குளங்கரைக்குப் போகிற பஸ் ஹாரன் அடித்துவிட்டுக் கடந்தது.

நந்தனாவின் கண் கலங்கியிருந்தது. ஆனால் அவள் அசையவில்லை. பேனாவை மூடி வைத்தாள்.

"வீட்டில முதல்ல யாருக்குத் தெரிஞ்சுது மேடம்?"

அந்தக் கேள்வி தாளில் இல்லை. லேகா கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"மகளுக்கு. ஆறாங்கிளாஸ் படிக்கா. பள்ளிக்கூடத்துக்குப் போற அவசரத்தில தண்ணி பாட்டில் மாறிப் போச்சு. எனக்க பாட்டில அவ கொண்டு போயிட்டா. அதில இருந்தது தண்ணி இல்ல."

"குடிச்சாளா?"

"ஒரு மடக்கு. துப்பியிருப்பா. டீச்சர்கிட்ட சொல்லல்ல. சாயங்காலம் வந்து, பாட்டில நல்லா சோப்புப் போட்டுக் கழுவி அடுக்களையில கவுத்தி வச்சிருந்தா. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல்ல."

நந்தனா ஆறுதல் சொல்லவில்லை. புத்தியும் சொல்லவில்லை. லேகா தானாக அடுத்ததைச் சொன்னாள்.

"அன்னையிலேர்ந்து அவ எந்தப் பாட்டிலயும் மோந்து பாத்துட்டுத்தான் குடிக்கா."

லேகா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இதாக்கும் மக்கா கேள்வி. இப்படிக் கேட்டா கல்லும் பேசும். இத்தன நேரம் எங்க வச்சிருந்த இத?"

நந்தனா சிரிக்கவில்லை. நிதானமாக நாலு வரி எழுதி, ஃபைலைத் திருப்பி லேகாவின் முன் வைத்துப் பேனாவை நீட்டினாள்.

லேகா முழுவதும் படித்தாள். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினாள். பக்கத்தின் அடியில், பன்னிரண்டு வருடமாகக் கை பழகிப்போன 'மேற்பார்வையாளர்' என்ற கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனாள்.

நந்தனா அவளுடைய கையை மெல்லப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒப்பு போட வேண்டியது அங்க இல்ல மேடம், நோயாளின்னு போட்டிருக்க எடத்திலயாக்கும்."