ஒரே க்ளிக்கில் பாஸ்

"ரேணுகா, பாஸ்னு போட்டு முடிச்சிடுங்க, பன்னெண்டு மணிக்கு ரிலீஸ்" என்றார் மேனேஜர் பார்த்திபன், போனில்.

அவர் இருந்தது சென்னையில், ஏசி அறையில். நான் இருந்தது ஜமுனாமரத்தூருக்கு மேலே, ஒரு பாறையில். லேப்டாப் மடியில். எங்கள் ஊரில் இந்தப் பாறையில்தான் சிக்னல் எடுக்கும், அதுவும் தெற்குப் பக்கம் திரும்பி உட்கார்ந்தால்.

மணி பதினொன்று.

நான் சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டர். மற்றவர்கள் எழுதிய ஆப் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த ஆப், மலைக் கிராமங்களில் பிரசவ வலி வந்தால் ஜீப்பைக் கூப்பிடுவதற்கு. போன மாதம் எங்கள் ஊரில் மட்டும் வெள்ளோட்டம் விட்டார்கள். இன்றைக்கு மலை முழுவதற்கும் போகிறது.

அதில் ஒரு கோளாறு. பக்கத்தில் எந்த ஜீப் இருக்கிறது என்பதை மேப்பில் நேர்க்கோடு போட்டுக் கண்டுபிடிக்கிறது. கோடு போட்டால் எதிர்மலையில் நிற்கும் ஜீப் நாலு கிலோமீட்டர். நடுவில் கிடக்கும் பள்ளம் கோட்டுக்குத் தெரியாது. அங்கிருந்து அது மலையிறங்கி, சுற்றிக்கொண்டு, மறுபடி ஏறி வரவேண்டும். ஒன்பது கிலோமீட்டரில் ஜமுனாமரத்தூரில் சும்மா நிற்கும் ஜீப்பை ஆப் கூப்பிடாது. தூரமாம்.

எழுதிய பிள்ளைகள் இந்த மலையைப் பார்த்ததே இல்லை. அவர்களைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

மூன்று மீட்டிங்கில் சொல்லிவிட்டேன். மூன்றிலும் நோட் பண்ணிக்கொண்டார்கள்.

எங்கள் கம்பெனி அப்படி. ஆறு மாதத்தில் மூன்று மேனேஜர். முதல் ஆள் சொல்லாமல் கொள்ளாமல் போனார். இரண்டாவது ஆள் போனதே தெரியாமல் அவருக்கு ஐந்து வாரம் ரிப்போர்ட் அனுப்பிக்கொண்டிருந்தோம். திட்டே வரவில்லையே, நல்ல மனுஷன் என்று பேசிக்கொண்டோம். பார்த்திபனுக்கு உண்மையில் வேறு ப்ராஜெக்ட், போகிற போக்கில் எங்களையும் பார்த்துக்கொள்கிறார். கால் மணி நேர மீட்டிங் ஒன்றே கால் மணி நேரம் நடக்கும். கடைசியில், இதற்கென்று தனியாக ஒரு மீட்டிங் வைக்கலாம் என்று முடிவாகும்.

நாங்கள் முடிவைப் பதிகிற டெஸ்ட் ஷீட்டை உண்டாக்கிய புண்ணியவான் யாரென்று யாருக்கும் தெரியாது. பாஸ் என்றால் ஒரே க்ளிக். ஃபெயில் என்றால் ஒரு படிவம் திறக்கும், அதில் பதினொரு கட்டம். ஒன்று காலியாக இருந்தாலும் போகாது. நிரப்பி அனுப்பினால் ரிலீஸ் தானாக நின்றுவிடும். அப்புறம் மூன்று பேர் போன் செய்து, உனக்கு என்னம்மா பிரச்சினை என்று கேட்பார்கள்.

அதனால் எங்களிடம் எல்லாமே பாஸ். ஓடாததும் பாஸ், திறக்காததும் பாஸ்.

போன மாதம் என் பெரியப்பா மகள் வசந்தி அக்காவுக்கு வலி வந்தது. இந்த ஆப்பில்தான் கூப்பிட்டோம். ஜீப் கிளம்பிவிட்டது என்றது. திரையில் குட்டி ஜீப் எங்கள் ஊரை ஒட்டி நின்றது.

"இன்னாடி ரேணு, வண்டி பக்கத்துலயே கீதுன்னு காட்டுது, இன்னும் வரக்காணோமே?" என்று அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

இரண்டே முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. அக்கா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

கம்பெனியைப் பொறுத்தவரை அது வெற்றி. வண்டி போய்ச் சேர்ந்தது, 'சேவை முடிந்தது' என்று பச்சையில் காட்டியது. அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் மலை முழுக்கக் கொண்டுபோகிறார்கள். இந்த மாதம் மட்டும் பதினாறு பேருக்குப் பிரசவ நாள் குறித்திருக்கிறது என்று நர்சம்மா சொன்னார்.

ஃபெயிலை அழுத்தினேன்.

"க்ளையன்ட் லைன்ல இருக்காங்க ரேணுகா. இதை நிறுத்தினா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல, யோசிச்சுக்குங்க" என்றார் பார்த்திபன்.

ஒரு மாதமாக வேறென்ன செய்தேன்? எங்கள் வீட்டில் சம்பளம் என்று வருவது என் ஒருத்தியுடையதுதான். அதையும் யோசித்தாயிற்று. அழைப்பைத் துண்டித்தேன்.

முதல் ஐந்து கட்டம் சுலபம். ஆறாவதை எழுதும்போது காற்று கிளம்பி சிக்னல் போனது. திரும்பி வந்தபோது படிவம் வெறுமையாக இருந்தது. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

ஏழாவது கட்டம், 'பயனருக்குப் பாதிப்பு'. குறைவு, நடுத்தரம், அதிகம். அதற்கு மேலே ஒன்றும் வைக்கவில்லை. அதிகம் என்பதைத் தொட்டேன். எட்டாவது, விவரம். வசந்தியின் குழந்தை, ஆண், இரண்டு கிலோ எண்ணூறு கிராம் என்று எழுதினேன்.

போன் அடித்தது. மறுபடி அடித்தது. பாறையில் கவிழ்த்து வைத்தேன்.

பத்தாவது கட்டம் முடிந்தபோது மணி பதினொன்று ஐம்பத்து நாலு.

பதினொன்றாவது கட்டம்: 'இதற்கு முன்பு இதைச் சோதித்து பாஸ் போட்டவர்.'

இனிஷியலோடு முழுப் பெயரையும் அடித்தேன். கோ. ரேணுகாதேவி.

அனுப்பினேன்.