பின்னறைக்கு ஒரு டீ வண்டி

"அப்பாவுக்கு டீ பொம்மை ரயில்லயா போகுது?"

பின்பக்கக் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்த அக்கா, அப்படியே நின்றுவிட்டாள்.

தோட்டம் முழுக்கத் தண்டவாளம். செங்கல் அடுக்கி, ஜல்லி கொட்டி இடித்து, அதன்மேல் ஒரு சாண் அகலம்கூட இல்லாத பாதை. சமையலறை வாசற்படியில் புறப்பட்டு, ரோஜாத் தொட்டிகளைச் சுற்றி, எலுமிச்சை மரத்தடியில் வளைந்து, பலகைப் பாலம் தாண்டி, பின்னறை ஜன்னல் வரை சரிவாக ஏறிப் போனது. எஞ்சினுக்குப் பின்னால் ஒரே ஒரு பெட்டி. அதில் வெட்டியிருந்த துளையில், தளும்பத் தளும்ப இருந்த டீ டம்ளரை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள் தம்பி பெண்டாட்டி.

"வாங்க அண்ணி!"

"வர்றது இருக்கட்டும். பக்கவாதம் வந்து முடங்கிக் கிடக்கிற மனுஷனுக்கு, நாலு எட்டு நடந்து போய் டீ குடுக்க உனக்குக் கால் வலிக்குதோ?"

கையில் திருப்புளியோடு தம்பி ஓடி வந்தான். "அக்கா, அது என்னன்னா..."

மனைவி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டான். கல்யாணமானவர்களுக்கு அந்தப் பார்வையை விளக்க வேண்டியதில்லை.

"நீ பேசாதே! லீவு நாள் பூரா புருஷனும் பெண்டாட்டியும் மண்ணுல உக்காந்து ரயில் விட்டுக்கிட்டிருக்காங்க, பெரியவர் உள்ளே தனியாக் கிடக்கார்னு பக்கத்து வீட்டுல சொன்னப்போ நான் நம்பல. இப்ப என் கண்ணாலேயே பார்த்தாச்சு. அதுவும் நேராவாவது போட்டிருக்கக் கூடாதா? ஊரைச் சுத்திக்கிட்டுப் போகுது! போய்ச் சேர்றதுக்குள்ள டீ பச்சைத் தண்ணியாயிடும்."

"முதல்ல நேராத்தான் போட்டிருந்தார் அண்ணி. நான்தான் பிரிச்சு, வளைச்சுப் போடச் சொன்னேன்."

சொன்னவள் முகத்தில் வருத்தமே இல்லை. அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போதும். தெருவுல கார் நிக்குது. அப்பாவை இப்பவே என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

தம்பிக்கு முகம் செத்துப்போனது. அப்பா இல்லாத வீட்டை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அவன் மனைவிதான் நிதானமாகப் பேசினாள். "கூட்டிட்டுப் போங்க. இந்த டீ மட்டும் போய்ச் சேரட்டும்."

"வழியிலேயே கொட்டிடுச்சுன்னா?"

"ஒரு சொட்டு சிந்தினாலும் சரி, மாமாவோட துணியெல்லாம் நானே மடிச்சுப் பெட்டியில வச்சுத் தர்றேன்."

"ஏய், என்ன பேசறே நீ!" தம்பி பதறினான். பதற மாட்டானா? நேற்றுதான் எலுமிச்சை வளைவில் வண்டி குடை சாய்ந்தது. இதுவரை ஒரு நாளும் முழு டம்ளர் ஜன்னலைத் தொட்டதில்லை. அரை டம்ளர் போனாலே அன்றைக்குப் பெரிய சாதனை.

அவள் காதில் வாங்காமல் விசிலை எடுத்து ஊதினாள்.

"இந்த அழகுல விசில் வேற!"

வண்டி ஓர் உதறு உதறிப் புறப்பட்டது. ரோஜாத் தொட்டிகளிடையே அவசரமாக ஓடியது. டீ, டம்ளரின் விளிம்பு வரை ஏறி எட்டிப் பார்த்தது. தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

எலுமிச்சை மரத்துக்குச் சற்று முன்னால் வேகம் குறைந்தது. ஊர்ந்து, தயங்கி, வளைவைக் கடந்தது. பாலம் தடதடத்தது. டீ உள்ளேயே சுழன்று அடங்கியது.

இனி ஏற்றம். பாதி தூரம் ஏறியதும் வண்டி நின்றுவிட்டது. சக்கரம் வழுக்கி, கொஞ்சம் பின்னால் வந்தது.

எஞ்சின் உறுமியது. அங்குலம் அங்குலமாக நகர்ந்தது.

"ஏறு... ஏறு... ஏறிடு!"

யார் குரல் என்று பார்த்தால், அக்கா!

எஞ்சின் மூக்கு ஜன்னல் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய் நின்றது.

"சிந்தல! ஒரு சொட்டுக்கூடச் சிந்தல!" தம்பி பெண்டாட்டி துள்ளிக் குதித்தாள். தம்பி திருப்புளியைத் தூக்கி வீசிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவனும் குதித்தான்.

அக்கா சட்டென்று சுதாரித்துக்கொண்டாள். "பொம்மை வண்டி ஓடினதுக்கு இத்தனை குதியாட்டமா? அப்பா, கிளம்புங்க!" என்று பின்னறைக் கதவைத் திறந்தாள்.

ஜன்னலோர நாற்காலியில், திரையின் இடுக்கு வழியாகத் தண்டவாளம் தெரியும்படி அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. மடியில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. அதிலிருந்து ஒயர் ஜன்னல் வழியாகத் தண்டவாளத்துக்கு இறங்கியது. பெட்டியின் குமிழைப் பிடித்துக்கொண்டிருந்தது அவருடைய வலது கை. போன தடவை அவள் வந்தபோது ஒரு ஸ்பூனைக்கூடத் தூக்க முடியாமல் துவண்டு கிடந்த கை.

"அப்பா... நீங்களா ஓட்டினீங்க?"

"டாக்டர் ஒரு பந்தைக் குடுத்து அமுக்கச் சொன்னார். முடியாதுன்னேன்." வார்த்தைகள் கொஞ்சம் குழறின, சிரிப்பு குழறவில்லை. "சரி மாமா, டீ வேணும்னா நீங்களே ஓட்டிட்டு வாங்கன்னுட்டா உன் தம்பி பெண்டாட்டி. ஒரு வளைவு பழகினா, உடனே இன்னொரு வளைவு போடுவா, ராட்சசி! முழு டம்ளர் வர்ற வரைக்கும் உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சிருந்தேன்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அப்பாவின் விரல்கள் மெல்லக் குமிழைத் திருகின.

"அழாம உக்காரும்மா. வண்டியைத் திருப்பி அனுப்பறேன். உனக்கும் ஒரு டீ கொண்டு வர்றேன்."