ஒரு லட்சம் பேர்

புற்றுநோயில் குரலை இழந்தவர்கள் தங்கள் பழைய குரலிலேயே பேச உதவும் செயலி ஒன்றை இசக்கியம்மாள் உருவாக்கினாள். ஆறு மாதத்துக்குள் ஒரு லட்சம் பேர் ஆளுக்கு நூறு ரூபாய் தந்தால் அது ஊருலகத்துக்கே இலவசம். இல்லையென்றால் ஒரு நிறுவனத்துக்குப் போய்விடும்.

“நீங்களும் சேருங்க மதினி” என்று அண்ணன் மனைவியிடம் கேட்டாள்.

“எப்படியும் இலவசமாத்தானே வரப்போவுது? வேற யாராச்சும் குடுப்பாவ.”

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். கெடு முடிந்ததும் நிறுவனம் வாங்கி, எட்டாத விலை வைத்தது.

மறுவருடம் அண்ணனின் குரல்வளையை வெட்டி எடுத்தார்கள்.

“நீ செஞ்சதுதானே! அண்ணனுக்கு மட்டும் குடுத்துரு” என்று மதினி அழுதாள்.

“இப்ப அது என் கையில இல்ல மதினி.”

அண்ணன் தங்கையின் தலையைத் தடவி, உதடுகளை அசைத்து நீளமாக ஏதோ சொன்னான். இரண்டு பெண்களுக்கும் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.