பன்னிரண்டு பைட்டு

ஜன்னல் வெயில் புதுக் கணினியின் திரையில் விழுந்து கூசுகிறது. ஜெனிலா உள்ளங்கையால் அதை மறைத்துக்கொண்டு எண்களைப் பார்க்கிறாள். யூஜின் ஐந்து வருடமாகக் கடலில் தேடிக் குறித்த பார்கள், மீன் கூடும் கடலடிப் பாறைகள், இருநூறும் ஒரே கோப்பில் இருக்கின்றன. அதை எழுதிய பழைய கணினி போன வாரம் செத்துவிட்டது. புதியதில் முதல் எண் மட்டும் சரியாக வருகிறது, மற்றதெல்லாம் குப்பை. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கும் யூஜினின் சட்டையில் மீன்வாடை அடிக்கிறது.

“பட்ட பாடெல்லாம் போச்சா மக்கா?”

“போவல்ல அண்ணே. முதல் எண்ணு சரியா வருதுல்லா? பழைய கம்ப்யூட்டர் ஒரு எண்ணுக்குப் பன்னிரண்டு பைட்டு எடம் விட்டு எழுதியிருக்கு. இது பதினாறு பதினாறா வாசிக்கு. அதான் ரெண்டாவதுலேருந்து தப்புது.”

அவள் பதினாறை அழித்துப் பன்னிரண்டு என்று தட்டுகிறாள். மின்விசிறி கிறீச்சிடுகிறது. எண்கள் வரிசையாக இறங்குகின்றன. யூஜின் எழுந்து குனிகிறார். ஒரு வரியில் அவர் விரல் நிற்கிறது.

“இது நம்ம கணவாப் பாரு… கணவா மீனு கூடுற எடம்” என்கிறார் மெதுவாக. பிறகு செல்போனை எடுத்து, ஜன்னல் பக்கம் திரும்பி, கடலுக்கே கேட்கும்படி கத்துகிறார்: “ஏலே, வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் ஊத்துலே!”