நாலாவது முறை ஒடிந்த இறக்கை

நாலாவது முறையாக ஒடிந்த இறக்கையோடு வேஷக்காரன் வல்லரசு தெருவுக்குள் நுழைந்தது ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு. மொத்தத் தெருவும் வாசலில் இருக்கும் நேரம்.

ஆறடி இறக்கையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தால் யார் கண்ணில்தான் படாது?

குழாயடியில் நின்ற கெங்கம்மா, குடம் வழிவதைக்கூடக் கவனிக்காமல், ஷாலு வீட்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏண்டி ஷாலு, உன் கழுகு திரும்ப வந்துகீது பாரு! இன்னாத்த செஞ்சி குடுக்கிற நீ? எங்க வூட்டுக் கோழி ரெக்கையே இத்தவிட ஸ்ட்ராங்கா கீது."

நாலு வீடு சிரித்தது.

ஷாலுவுக்குக் காது சுட்டது. காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் ஃபிட்டர் அவள். வாரம் ஆறு நாள் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிறானால் வேஷ சாமான் செய்து கொடுப்பாள். பள்ளிக்கூடத்து மயில், மாதா கோயில் நாடகத்துக்கு இறக்கை வைத்த சம்மனசு எல்லாம் அவள் கைவேலைதான். ஒரு கொம்பு, ஒரு வால்கூட இதுவரை திரும்பி வந்ததில்லை.

வல்லரசுக்குக் கல்யாண ரிசப்ஷனில் கழுகு வேஷம். பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் வரும்போது முன்னால் ஆடிக்கொண்டே போய், கையிலிருக்கும் சைக்கிள் பிரேக் பிடியை அழுத்தி, இறக்கையை விரிக்க வேண்டும். இப்போதெல்லாம் அப்படியும் ஒரு பிழைப்பு இருக்கிறது.

முதல் இறக்கை மழையில் ஊறித் தொங்கிப்போனது. போகட்டும், அது அட்டை.

அடுத்ததற்குக் குடைக்கம்பியும் பழைய ஃபிளெக்ஸும் போட்டாள். விரித்து மூடுகிற சைக்கிள் வயர் அறுந்தது. பைக் வயர் மாட்டினாள். அதுவும் அறுந்தது.

ஒவ்வொரு முறையும் அவன் முதுகில் மாட்டி, பெல்ட்டை இறுக்கி, விரி, மூடு என்று ஒரு மணி நேரம் சரிபார்ப்பாள். மறக்காமல் தோளையும் அளப்பாள். ஆம்பளைத் தோள் வாராவாரம் வளருமா என்று தெருவில் கேட்காத ஆளில்லை.

போன வாரம் மூட்டுக்கு விரல் கனத்தில் ஸ்டீல் போல்ட் போட்டு, கெங்கம்மாவிடமே சவால் விட்டாள்.

"இது ஒடிஞ்சிச்சின்னா, எனக்கு வேல தெரியலன்னு நானே ஒத்துக்கிறேன்க்கா."

ஒடிந்தேவிட்டது.

வல்லரசு இறக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான். "கொஞ்சம் ஓவரா ஆடிட்டேன் போல கீது, ஷாலு."

அவள் ஒடிந்த போல்ட்டைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

தானாக ஒடிந்த இரும்பு சொரசொரவென்று இருக்கும். இது வழவழவென்று, மெல்லிய கோடு கோடாக மின்னியது.

ரம்பத்தால் அறுத்திருக்கிறான். அந்தக் கனத்துக்கு அரை மணி நேரமாவது ஆகியிருக்கும்.

டப்பாவில் கிடந்த பழைய வயர்களைத் தேடி எடுத்தாள். தேய்ந்து அறுந்தால் நுனி பிரிந்திருக்கும். இரண்டும் கட்டிங் பிளேயரால் நறுக்கென்று வெட்டியவை. அன்றைக்கு இருந்த கோபத்தில் பார்க்கத் தோன்றவில்லை.

நிமிர்ந்தாள். வல்லரசு இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்தெல்லாம் வியர்வை.

அதற்குள் கெங்கம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். பின்னால் இன்னும் மூன்று பேர்.

"சொல்லுடி. ஆடுனவன் தப்பா, செஞ்சவ தப்பா? இன்னிக்குத் தெரிஞ்சாவணும்."

ஷாலு போல்ட்டை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

"செஞ்சவ தப்புதான்க்கா. எனக்கு வேல பத்தல. இந்த தபா ஒரு மாசம் புடிக்கும். தெனம் சாயந்திரம் இவரு வந்து மாட்டிப் பாக்கணும்."