தாழம்பூ வேண்டாம்

தனேஷ் எழுந்தான். குளித்தான். எதிர்க்கடையில் நின்றபடி, நுரை பொங்க இழுத்து ஆற்றிய தேநீரான தே தாரிக் குடித்தான். பிரிக்பீல்ட்ஸில் இருந்த தன் சாமிப்படக் கடையின் கதவைத் தூக்கினான். தூரிகைகளைத் தண்ணீரில் போட்டான். தினமும் இதுதான்.

அன்று முதல் ஆளாக வந்தவள் இராஜம்மா. பட்டுச்சேலை, வியர்த்த முகம், கையில் போர்வையால் சுற்றிய ஒரு படம்.

பிரித்தான். நெருப்புத் தூணாகச் சிவன். மேலே அன்னமாகப் பறக்கும் பிரம்மா, கீழே பன்றியாக மண்ணைத் தோண்டும் விஷ்ணு. நடுவில் உதிர்ந்து வரும் ஒரு தாழம்பூ.

"இந்தப் பூவ அழிச்சிட்டு, தாமரை போட்டுடு தம்பி. சீக்கிரம்லா."

"அக்கா, கதையே அந்தப் பூதான். பிரம்மா சிவனோட முடியப் பாத்துட்டாருன்னு பொய்ச்சாட்சி சொல்லி, சாபம் வாங்கின பூ..."

"கதையெல்லாம் எனக்குத் தெரியும். நீ தாமரை போடு!"

அவள் அடிக்கடி தெருவைப் பார்த்தாள்.

தனேஷுக்கு உறைத்தது. செந்தூலில் ஒரு மண்டபத்திலிருந்து இதே போன்ற படம் போன வாரம்தான் களவு போயிருந்தது. அடையாளத்தை மாற்றிவிட்டால் யாரிடமும் விற்கலாம். முன்பு வேறொரு திருட்டுப் படத்துக்குத் தெரியாமல் மரச்சட்டம் போட்டுக் கொடுத்த பக்கத்துக் கடை, போலீஸ் போட்ட பூட்டோடு கிடந்தது. அடுத்தது தன் கடையா?

"பெயிண்ட் கலக்கிட்டு வரேன், உக்காருங்க."

உள்ளே போய், பழக்கமான போலீஸ்காரர் லட்சுமணனைப் போனில் அழைத்தான். அவர் எதிர்க்கடையிலிருந்தே வந்தார், வாயைத் துடைத்தபடி.

"படத்த எங்கேம்மா புடிச்சீங்க?"

"புடிச்சேனா? என் கல்யாணத்துக்கு வந்த படம் சார்!"

கைப்பேசியைத் திறந்து நீட்டினாள். பேத்தியின் பிறந்தநாள் புகைப்படங்கள். ஒவ்வொரு வருடமும் கேக்குக்குப் பின்னால் அதே சுவர், அதே படம், சட்டத்தின் மூலையில் அதே விரிசல்.

லட்சுமணன் வயிறு குலுங்கச் சிரித்தார். "நல்லா புடிச்சடா திருடன! என் தே ஆறிப்போச்சு."

தனேஷ் நெளிந்தான். "மன்னிச்சிடுங்க அக்கா. காசே வேணாம், இப்பவே போட்டுத் தரேன்."

வாசல்வரை போன லட்சுமணன் திரும்பினார். "ஆமா, சொந்தப் படத்துல எதுக்கும்மா பூவ மாத்துறீங்க?"

இராஜம்மாவுக்கு இன்னும் கோபம் தணியவில்லை.

"பின்ன என்ன சார்? நகைக்கடைய உடைச்ச அன்னிக்கு என் மகன் வீட்டவிட்டு நகரவே இல்லன்னு இன்னிக்கு நான் கோர்ட்ல சொல்லணும். கெளம்புறப்ப சாமி கும்பிடலாம்னு நின்னா, இந்தப் பூ என்னையே மொறைக்குதுலா!"