துணி கிளிப்பின் வாய்

அலுவலக முற்றத்தில், இரண்டு தூண்களுக்கு நடுவே, வாய் கீழே பார்க்க, இரண்டு மாடி உயர இரும்புத் துணி கிளிப் ஒன்று தொங்கியது. கலை என்று வைத்திருந்தார்கள். வருஷா வருஷம் அதற்குப் பெயின்ட் அடிப்பது பெயின்டர்களான ஒரு புருஷன் பெண்டாட்டிதான். அசையாதபடி வெல்டிங் வைத்த வாயில் விரலளவு இடுக்குதான் உண்டு. உள்ளே அடிக்க, குச்சியில் பிரஷ்ஷைக் கட்டி நுழைப்பார்கள்.

இன்று ஏணி உச்சியில் நின்றவன், "ஏய், தலையே நுழையுதுடி. குச்சி வேண்டாம்," என்றான்.

"போன வருஷம் விரல்தானே நுழைஞ்சுது? இறங்குய்யா."

"நீ மட்டும் வாயை மூடுறியா? அது கொஞ்சம் திறந்தா என்ன?"

தோள் வரை உள்ளே போய்விட்டான்.

"சோப்பு வாசனை அடிக்குது," என்று இரும்புக்குள்ளிருந்து குரல் வந்தது.

ஏணியைப் பிடித்திருந்தவளின் பிடரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

"பெயின்ட்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். இறங்கு!"

கையிலிருந்த ஏணி சட்டென்று லேசானது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கிளிப்பின் வாய் மூடியிருந்தது. ஏணிக்கு ஒரு சாண் மேலே, காற்றே இல்லாத வெயிலில், அவன் கால்கள் இரண்டும் மெல்ல ஆடின. கால்சட்டை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.